தூது சென்ற மருந்து

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, விஞ்ஞானத்தைப் பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். விஞ்ஞானம் என்பது ஒரு கடல். கடலைப் பற்றி மன்னாரிலே பேசப் புகுபவன் எந்தத் துறை, எந்தப் பருவம், எந்த வலை என்று சொல்லியே ஆகவேண்டும்; இல்லையேல் பின்வாங்குகளில் இருக்கும் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆதலின் நாம் ஒரேயொரு மருந்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். அது எவ்வாறு பிறந்தது, எதனுள்ளே வைத்துக் கட்டப்பட்டது, நம்முடைய வெயிலைத் தாங்கி நம்மிடம் வந்து சேர்வதற்கு என்ன பாடுபட்டது, இன்னும் படுகிறது என்பனவே இன்றைய பேச்சு.

2021ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் திகதி பைசர் நிறுவனத்தின் கொரோனாத் தடுப்பூசி முதன்முறையாக இலங்கைக்கு வந்தது. வந்தது 26,000 ஊசிக்குப் போதுமான மருந்து மாத்திரமே. அதே மாதம் 16ஆம் திகதி மொடேர்னா நிறுவனத்தின் மருந்து 15 இலட்சம் ஊசிக்குப் போதுமானதாக வந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலே நாடெங்கும் பாடசாலை மாணவருக்கு ஏற்றுவதற்கும், முன்னரே இரண்டு ஊசி பெற்றோருக்கு மூன்றாவதாக ஏற்றுவதற்கும் பைசர் மருந்தே தெரிந்தெடுக்கப்பட்டது. ஆகவே இங்கே முன்னே அமர்ந்திருக்கும் வாலிபரிற் பலர் அந்த மருந்தைத் தம் தோளிலே ஏற்றுக்கொண்டவர்களே. ஏற்றுக்கொண்ட பொருள் இன்னதென்று அறிந்தவர் எத்தனை பேர்? கையை உயர்த்தும்படி நாம் கேட்கப் போவதில்லை. அஞ்ச வேண்டாம்.

அந்த மருந்தின் உயிர்நாடிக்கு நம் நாட்டுப் பாடநூலார் இட்ட பெயர் தூது ஆர்.என்.ஏ. என்பது. இதனினும் பொருத்தமான பெயரை நாம் கண்டதில்லை. தூது என்பது தமிழனுக்குப் புதிய செய்தியன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார், 69ஆம் அதிகாரம். அன்னத்தையும் மேகத்தையும் கிளியையும் வண்டையும் தூதாக விடுத்த புலவர் போக, தமிழையே தூதாக விடுத்த புலவரும் நம்மிடையே இருந்தனர். தூதன் அரசனல்லன். அவன் அரண்மனையிலே குடியிருக்க வந்தவனுமல்லன். செய்தியைக் கொண்டுபோய், உரியவரிடம் உரைத்து, போய்விடுவான். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்த மருந்திலே பாதி விளங்கிவிடும்.

நம் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. பொதுவாகக் கலத்தின் நடுவிலே கரு ஒன்று உண்டு. அக்கருவினுள்ளே டீ.என்.ஏ. என்னும் மூல ஆவணம் இருக்கிறது. இதை நம் வீட்டுக் காணி உறுதிக்கு ஒப்பிடலாம். உறுதியை யாரும் கையிலே கொண்டு தெருவிலே திரிவதில்லை. அது றங்குப் பெட்டியின் அடியிலே, பட்டுச் சேலைக்குக் கீழே கிடக்கும். கச்சேரியிலே ஒரு காரியம் என்றால் அதன் பிரதியொன்றை எழுதிக் கொண்டுபோவோம். காரியம் முடிந்தபின் அப்பிரதி கிழிந்தாலும் நட்டமில்லை. கலத்திலும் இவ்வாறே, மூல ஆவணம் கருவுக்குள் இருக்க, வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு பிரதி எழுதப்பட்டுக் கருவுக்கு வெளியே வருகிறது. வெளியே இறைபோசோம் என்னும் சிறு தொழிற்சாலைகள் அந்தப் பிரதியை எழுத்தெழுத்தாக வாசித்து, அதில் எழுதியபடி புரதத்தைச் செய்கின்றன. அந்தப் பிரதியே தூது ஆர்.என்.ஏ. 1961ஆம் ஆண்டிலே அது இன்னதென்று உறுதிசெய்யப்பட்டது. அதே 1961ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்கு அண்மையில் அலெக் பங்கம் என்னும் வைத்தியர், ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரிலே இட்டால் அது தானாகவே நுண்ணிய குமிழிகளாக மூடிக்கொள்வதை இலத்திரன் நுணுக்குக்காட்டியிலே கண்டார். தூதனும் அவன் ஏறிச் செல்லும் தோணியும் ஒரே ஆண்டிலே கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் ஒருவரையொருவர் முறையாகச் சந்திக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தடுப்பூசி என்பதன் தத்துவம் பழையது. நோய்க் கிருமியை நலிவித்தோ, கொன்றோ, அதன் ஒரு துண்டை எடுத்தோ உடம்புக்குக் காட்டினால், உடம்பு அதற்கான பிறபொருளெதிரிகளை முன்கூட்டியே செய்து பழகிக்கொள்ளும். அந்தத் துண்டைத் தொழிற்சாலையிலே செய்து கொண்டுவருவதை விட, அதைச் செய்யும் கட்டளையை மாத்திரம் உடம்புக்கு அனுப்பி, உடம்பையே செய்துகொள்ளச் சொன்னால் என்ன என்பதே புதிய எண்ணம். சோறு கொண்டுவராமல் அரிசியும் கொண்டுவராமல், சமைக்கும் முறையை ஒரு கடதாசியில் எழுதி அனுப்புவது போன்றது இது. 1980களிலே ஆய்வுகூடத்தில் விரும்பிய செய்தியை எழுதித் தூது ஆர்.என்.ஏ. செய்யும் வித்தை கைவந்தது. 1989இலே கொழுப்புத் துளிகளோடு கலந்து கலங்களுக்குள் செலுத்திக் காட்டினார்கள். 1990இலே அமெரிக்காவில் எலியின் தசையிலே நேரே ஏற்றிப் பார்த்தார்கள். எலியின் தசை அந்தக் கட்டளைப்படி புரதம் செய்தது. 1993இலே பிரான்சு தேசத்தார் சளிச்சுரத்துக்கான செய்தியைக் கொழுப்புக் குமிழியில் வைத்து எலிக்கு ஏற்றி, எதிர்ப்புச் சக்தி உண்டாவதையும் கண்டனர். இவ்வளவும் நடந்தும் காரியம் கூடவில்லை. ஏன்?

இரண்டு தடைகள். முதலாவது, தூதன் மகா பலவீனன். டீ.என்.ஏ.யோடு ஒப்பிடுமிடத்து ஆர்.என்.ஏ.யின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஒட்சிசன் அணு கூடுதலாக இருக்கிறது. அந்த ஒரு அணுவே அதன் குடும்பப் பகை. அது பக்கத்துப் பிணைப்பைத் தாக்கி, சங்கிலியைத் தானே அறுத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற இது விரைவாகும். போதாக்குறைக்கு நம் விரலிலும் வியர்வையிலும் ஆர்.என்.ஏ.யை வெட்டும் நொதியங்கள் நிறைந்துள்ளன. கையுறை இல்லாமல் தொட்டால் தூதோலை தூளாகும்.

இரண்டாவது தடை, உடம்பின் சந்தேகம். வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் வைரசினுடையதாகவே இருக்கும் என்பது உடம்பின் நெடுநாள் அநுபவம். ஆதலால் காவற் கலங்கள் அதைக் கண்டவுடன் கூச்சலிடும். காய்ச்சலும் வீக்கமும் எழும். செய்தி வாசிக்கப்படாமலே ஓலை கிழிக்கப்படும். இவ்விடத்திலே நமக்கு அசோகவனம் நினைவுக்கு வருகிறது. நமது இந்தக் கடலைத் தாண்டிச் சென்ற தூதனைச் சீதாபிராட்டி முதலில் நம்பினாளா? இல்லை. இதுவும் இராவணனுடைய மாயையோ என்றே அஞ்சினாள். கணையாழியைக் கண்டபின் அன்றோ ஐயம் தீர்ந்தது! ஆர்.என்.ஏ.க்கும் ஒரு கணையாழி தேவைப்பட்டது.

அதைத் தேடிக் கண்டவர் கத்தலின் கரிக்கோ என்னும் அங்கேரிய அம்மையார். இறைச்சிக் கடைக்காரரின் மகள். சிறிய ஊரிலே வளர்ந்தவர். 1985ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்து உதவிப்பணம் நின்றுபோக, கணவரோடும் இரண்டு வயது மகளோடும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். பணத்தை வெளியே கொண்டுபோகத் தடையிருந்த காலம் அது. கார் விற்ற பணத்தைக் குழந்தையின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு சென்றார். அங்கே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே தூது ஆர்.என்.ஏ.யே கதி என்று இருந்தார். பணம் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 1995இலே பதவியிலும் தாழ்த்தப்பட்டார். 1990களின் இறுதியிலே பிரதியெடுக்கும் இயந்திரத்தடியில் காத்து நின்றபோது துரூ வைஸ்மன் என்னும் வைத்தியரோடு பேச்சுக் கொடுத்தார், இருவரும் கூட்டாளிகளாயினர். பிரதியைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பிரதி எடுக்கும் இடத்திலே கூட்டாளி கிடைத்தது வேடிக்கைதான். (அந்தக் கரடிப் பொம்மைக்குரிய மகள், 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் படகோட்டத்திலே தங்கப் பதக்கம் பெற்ற அணியில் இருந்தவர். துடுப்புப் பிடிக்கும் ஊரார்க்கு இதைச் சொல்லாமல் விடலாகாது.)

அவர்கள் கண்டது யாது? உடம்பு தானே செய்யும் ஆர்.என்.ஏ.யிலே சில எழுத்துகள் சிறிது திருத்தப்பட்டிருக்கும், ஆய்வுகூடத்து ஆர்.என்.ஏ.யில் அத்திருத்தம் இல்லை. அதுவே காவலாளிக்கு அடையாளம். ஆர்.என்.ஏ.க்கு எழுத்து நான்கே. அவற்றுள் யுரிடீன் என்னும் எழுத்துக்குப் பதிலாக அதன் உறவான போலியுரிடீனை வைத்து எழுதிப் பார்த்தனர். காவற் கலங்கள் கூச்சலிடவில்லை. இறைபோசோமோ அதைப் பழைய எழுத்தாகவே வாசித்தது. பின்னர் பார்க்கையில் புரதம் முன்னிலும் அதிகமாகச் செய்தது. 2005ஆம் ஆண்டு இது அச்சில் வந்தது. அந்நாளில் உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 2023ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பத்திரிகைகள் அந்த 2023ஐப் பற்றியே எழுதின. நாம் வாலிபர்க்குச் சொல்ல விரும்புவது இடையிலே கிடந்த பதினெட்டு ஆண்டுகளைப் பற்றி.

இது நிற்க. கணையாழி கிடைத்தது; தோணி வேண்டாமா? இனிச் சொல்லப்போகும் பகுதியே நமக்கு மிகவும் பிரியமானது. பத்திரிகைகள் இதை ஓரிரு வரியில் முடித்துவிட்டன. மருந்தைக் கண்டுபிடித்தவரைப் பாடுவார் உண்டு. மருந்தைக் கட்டிக் கொடுத்தவரைப் பாடுவார் இல்லை.

ஆர்.என்.ஏ. மறை மின்னேற்றம் உடையது. கலத்தின் சுவரோ கொழுப்பாலானது. அதுவும் மறையேற்றம் கொண்டது. ஒன்றையொன்று தள்ளும். ஆகவே நேர் மின்னேற்றம் உள்ள கொழுப்பிலே பொதிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று முதலில் நினைத்தார்கள். ஒட்டிக்கொண்டது உண்மை, ஆனால் எப்போதும் நேரேற்றம் உள்ள கொழுப்பு உடம்புக்கு நஞ்சாயிற்று. கனடா தேசத்து வன்கூவர் நகரில் பீற்றர் கலிஸ் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் பல்லாண்டு முயன்று ஒரு தந்திரம் கண்டனர். புளிப்பான இடத்திலே மட்டும் நேரேற்றம் பெற்று, புளிப்பில்லாத இடத்திலே ஏற்றமின்றி அடங்கியிருக்கும் கொழுப்பைச் செய்தனர். அதன் பயன் பாருங்கள். தொழிற்சாலையிலே புளிப்பு நீரில் கலக்கும்போது அது நேரேற்றம் பெற்று ஆர்.என்.ஏ.யை இறுகப் பற்றிக்கொள்கிறது. பின்பு புளிப்பை நீக்கினால் ஏற்றம் மறைந்து சாதுவாகிவிடுகிறது. அப்படியே இரத்தத்திலும் தசையிலும் தொல்லையின்றிச் செல்கிறது. கலம் அதை ஒரு சிறு பைக்குள் விழுங்கும். விழுங்கியதைச் சீரணிக்க அந்தப் பைக்குள்ளே புளிப்பை ஏற்றும். புளிப்பு ஏறியவுடன் கொழுப்பு மீண்டும் நேரேற்றம் பெற்று, பையின் சுவரைப் பிடித்துக் கிழித்துத் தூதனை வெளியே விடும். பகைவன் மூட்டிய நெருப்பாலேயே கோட்டையைக் கொளுத்துவது போன்ற வித்தை இது. உள்ளே போன குமிழிகளிலே சிறு பங்கே இவ்வாறு தப்பி வெளியேறுகிறது. அந்தச் சிறு பங்கே போதுமாகிறது.

இவ்வகைக் குமிழியில் முதன்முதல் அனுமதி பெற்றது தடுப்பூசியன்று. 2018ஆம் ஆண்டிலே, பரம்பரையாக வரும் ஓர் அரிய நரம்பு நோய்க்கு, வேறொரு வகைச் சிற்றார்.என்.ஏ.யைச் சுமந்துகொண்டு ஒரு மருந்து வெளிவந்தது. ஒருசில நோயாளருக்காகக் கட்டிய அந்தத் தோணி இரண்டு ஆண்டுகளின் பின் உலகையே ஏற்றியது.

குமிழியிலே நாலு சரக்கு. நூறு மூலக்கூறு எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய பாதி, நாம் சொன்ன புளிப்பறியும் கொழுப்பு. நாற்பதளவில் கொலஸ்ரரோல், இறைச்சியிலும் முட்டையிலும் இருக்கிறதென்று வைத்தியர் நம்மைப் பயமுறுத்தும் அதே கொலஸ்ரரோல்தான், இங்கே அது தோணிப் பலகைகளுக்கிடையே அடைக்கும் கயிறு போல இடைவெளியை நிரப்புகிறது. பத்தளவில் கலச்சுவரை ஒத்த பொசுபரசுக் கொழுப்பு. மிகுதி ஒன்றரை அளவில், நீண்ட வாலுள்ள ஒரு கொழுப்பு. குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபடாமல் காப்பது அதன் வேலை. ஒரு மில்லிமீற்றரைப் பதினாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே ஒரு குமிழியின் பருமன்.

செய்முறையோ சொல்வதற்கு எளிது. கொழுப்புகளை மதுசாரத்திலே கரைத்து ஒரு குழாயிலும், ஆர்.என்.ஏ.யைப் புளிப்பு நீரிலே இட்டு மறுகுழாயிலும் விட்டு, இரண்டும் வேகமாக மோதிக் கலக்கும்படி செய்தல். கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்திலே குமிழி தானாகக் கட்டிக்கொள்ளும். மெதுவாகக் கலந்தால் குமிழி பெருத்தும் சிறுத்தும் கெடும். 2020ஆம் ஆண்டிலே கோடிக்கணக்கில் மருந்து வேண்டியபோது இடர் இங்கேதான் வந்தது. மோதும் அறை நாணயம் அளவானது. அதைப் பெரிதாக்கினால் கலப்பின் தன்மை மாறிவிடுகிறது. என்ன செய்தார்கள்? பெரிதாக்கவில்லை, அதே சிற்றறைகள் பலவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து ஓட்டினார்கள். கலியாண வீட்டுக்கு இடியப்பம் அவிப்பவள் உரலைப் பெரிதாக்குவாளா? பத்து வீட்டு உரலை இரவல் வாங்கிப் பத்துப் பெண்களை இருத்துவாள். பெரிய தொழிற்சாலை எந்திரியரும் கடைசியில் நம் ஆச்சிமார் வழிக்கே வந்தனர்.

2020 சனவரியிலே வைரசின் எழுத்துக்கோவை வெளியாயிற்று. மார்ச்சு 16ஆம் திகதி அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே மொடேர்னா மருந்து முதல் மனிதருக்கு ஏற்றப்பட்டது. திசெம்பர் 2ஆம் திகதி பிரித்தானியா பைசர் மருந்துக்கு அனுமதி கொடுத்தது. பைசர் ஓலையிலே 4,284 எழுத்துகள். வைரசின் வெளிமுள்ளைச் செய்யும் கட்டளை அதிலே உண்டு. ஓர் ஊசியிலே ஆர்.என்.ஏ.யின் நிறை 30 மைக்குரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கி அதிலே முப்பது கூறு. ஓராண்டுக்குள் ஒரு தடுப்பூசி என்று வியந்தவரும், அவசரப்பட்டார்கள் என்று ஐயுற்றவரும், 1961ஐயும் 2005ஐயும் 2018ஐயும் கணக்கிலே சேர்க்கவில்லை.

இனி, மன்னாருக்கு வருவோம்.

பைசர் மருந்தைப் பூச்சியத்துக்குக் கீழே 70 பாகை அளவிலே வைக்க வேண்டும் என்றனர். மொடேர்னா மருந்தை 20 பாகை கீழே. சீனிப் பானையிலே கட்டி பட்ட சீனி போல் இறுகிக் கிடந்தால்தான் ஆர்.என்.ஏ. தன்னை வெட்டாமல் இருக்கும். உண்மையாகவே அதிலே கரும்புச் சீனி சேர்த்திருக்கிறார்கள். உறையும்போது பனிமுள் குமிழியைக் குத்திக் கிழிக்காமல் காப்பதற்கு. உருகியபின் சாதாரணக் குளிர்ப்பெட்டியிலே 5 நாள் இருக்கலாம் என்று முதலில் சொன்னார்கள். 2021 மே மாதத்திலே அது ஒரு மாதமாக நீட்டப்பட்டது. தலைநகருக்கு அப்பாலுள்ள இடங்களுக்கு இந்த நீட்டிப்பே வழிவிட்டது என்பது நம் துணிபு. உருகியதை மறுபடி உறைய வைத்தல் ஆகாது. போத்தலிலே உப்பு நீர் கலந்தபின் 6 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கெல்லாம் பேசாலையிலும் வங்காலையிலும் தாழ்வுபாட்டிலும் உள்ள சம்மாட்டிமாருக்குப் பாடஞ்சொல்ல வேண்டியதில்லை. கரைக்கு வந்த மீன் எத்தனை நாழிகை தாங்கும், எந்த மீனுக்கு எவ்வளவு ஐஸ், கொழும்புக்குப் போகும் லொறி தாம்போதி தாண்டுவதற்குள் எவ்வளவு உருகும் என்பதை அவர்கள் கைவிரலிலே வைத்திருக்கிறார்கள். ஐஸ் தப்பினால் சரக்குத் தப்பும். ஐஸ் கைவிட்டால் முதலும் போகும். தடுப்பூசிக்கும் இதே சங்கிலி. விமான நிலையத்திலிருந்து கொழும்புக் களஞ்சியம், அங்கிருந்து மாவட்டம், பின்பு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதன்பின் குடும்பநல உத்தியோகத்தரின் கைப்பெட்டி. இடையிலே ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்து வெறும் சீனித் தண்ணீர். 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்தவர் இங்கே யாருமில்லை.

ஐஸ் வைக்க வசதியில்லாத வாடியிலே நம் முன்னோர் என்ன செய்தனர்? மீனை வெட்டி, உப்பிட்டு, வெயிலிலே போட்டுக் கருவாடாக்கினர். நீர் போனால் அழுகல் இல்லை. தடுப்பூசியின் சரித்திரத்திலும் இந்த யோசனை ஒரு பெருங்காரியத்தைச் சாதித்திருக்கிறது.

வைசூரிக்கான பசு அம்மைப் பாலை 1796இலே ஜென்னர் கண்டபின், அதை வெப்ப தேசங்களுக்குக் கொண்டுவர முடியவில்லை. வழியிலே சூட்டில் செத்துப்போகும். கடைசியில் ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு, கொப்புளம் பழுக்கப் பழுக்க மாற்றி மாற்றி, மனித உடம்பையே பெட்டியாக்கிக் கொண்டுவந்தனர். 1802 யூன் 14ஆம் திகதி பம்பாயிலே மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது ஏற்றப்பட்டது. அதே ஆண்டிலே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. பின்னாளிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் 1964 வரை ஓடிய கப்பலிலே தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டு அம்மை குத்தப்பட்ட பின்னரே இக்கரை வந்தனர். அந்தத் தழும்போடு வாழ்ந்த பாட்டன்மாரை நம்மிற் சிலர் கண்டிருக்கிறோம். 1950களிலே இங்கிலாந்தில் லெஸ்லி கொலியர் என்பவர் அம்மை மருந்தை உறைய வைத்து, காற்றில்லாப் பாத்திரத்தில் அதன் பனியை நீராவியாக உறிஞ்சி எடுத்து, தூளாக்கும் முறையைச் செம்மை செய்தார். அந்தத் தூள் 37 பாகைச் சூட்டிலே ஒரு மாதம் தாங்கும். காட்டுக்கும் பாலைவனத்துக்கும் தோட்பையில் கொண்டுபோனார்கள். 1977இலே இயற்கையாய் வந்த கடைசி வைசூரி சோமாலியாவிலே காணப்பட்டது. 1980இலே நோய் ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஜென்னர் பெயரை எல்லோரும் அறிவர். நம் எண்ணப்படி கொலியர் பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தூது மருந்தையும் கருவாடாக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் நமக்கு அயலிலே, பூனா நகரிலே இருக்கிறார்கள். ஜென்னோவா என்னும் நிறுவனம் இந்திய அரசின் உயிர்த்தொழினுட்பத் துறையின் உதவியோடு ஜெம்கோவாக் என்னும் மருந்தைச் செய்தது. 2022 யூன் மாத இறுதியிலே அவசர அனுமதி பெற்ற அம்மருந்து, 2 முதல் 8 பாகை வரையுள்ள சாதாரணக் குளிர்ப்பெட்டியிலே இருக்கக்கூடியது. 2023 யூன் மாதத்திலே அதன் அடுத்த வடிவம், ஒமிக்குரோன் வகைக்கென, வெளிவந்தது. அதிலே இரண்டு புதுமை. ஒன்று, அதன் தூதோலை கலத்துக்குள் போனபின் தன்னைத்தானே பல பிரதி எடுத்துக்கொள்ளும். ஆதலால் சிறிதளவு மருந்தே போதும். மற்றது, அதன் ஆர்.என்.ஏ. குமிழிக்குள்ளே அடைபடவில்லை. தேங்காய்ப்பாலை நினைத்துக்கொள்ளுங்கள்; தண்ணீரிலே நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. அத்தகைய துளிகளின் வெளிப்புறத்திலே ஆர்.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கி விடுகிறார்கள். ஊசி முனையும் இல்லாமல், மெல்லிய நீர்த்தாரையாகத் தோலுக்குள் செலுத்துகிறார்கள்.

ஆனால் அது வந்து சேர்வதற்குள் தொற்றின் வேகம் தணிந்துவிட்டது. பெருந்தொகையான மக்களுக்கு அதை ஏற்றும் தேவை வரவில்லை. கருவாடு காய்ந்தபோது சந்தை கலைந்துவிட்டது. சிலர் இதைத் தோல்வி என்பர். நாம் அப்படிக் கருதவில்லை. முறை கையிலே இருக்கிறது. அடுத்த சந்தைக்கு உதவும். ஐதராபாத்திலுள்ள கல, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தாரும் 2022 மே மாதத்திலே தாமே ஆக்கிய தூது ஆர்.என்.ஏ. முறையை அறிவித்தனர். உலக சுகாதார நிறுவனம் 2021இலே தென்னாபிரிக்காவிலே ஒரு கற்பிக்கும் நிலையம் அமைத்து, இந்தியா, வங்காளதேசம் உட்படப் பல நாடுகளுக்கு இவ்வித்தையைப் பகிரத் தொடங்கியது. இதற்கு மாறாக அமெரிக்க அரசு, இக்கலையை வளர்த்த அதே அரசு, 2025 ஓகத்து மாதத்திலே 22 தூது ஆர்.என்.ஏ. திட்டங்களுக்கான உதவியை நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய வள்ளம் ஆழத்தை விட்டுத் திரும்பும் நாளிலே சிறு வள்ளங்கள் என்ன செய்யப் போகின்றன என்பது கவனிக்க வேண்டிய விடயம்.

ஊசியைப் பற்றி ஊரிலே உலாவிய பேச்சுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இது நம் பரம்பரையை மாற்றிவிடும் என்றார்கள். தூதோலை கருவுக்குள் புகுவதில்லை. இறைபோசோம் இருப்பது கருவுக்கு வெளியே. கச்சேரிக்குக் கொண்டுபோன பிரதி றங்குப் பெட்டிக்குள் இருக்கும் உறுதியைத் திருத்துவதில்லை. வேலை முடிந்தபின் அது சிதைந்துபோகிறது. அதேவேளை, இம்மருந்துக்குத் தீங்கே இல்லை என்று சொல்பவரையும் நாம் ஒப்புக்கொள்ளோம். அரிதாக, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாம் ஊசியின் பின் சில நாட்களிலே இதயத் தசையில் அழற்சி கண்டது. அவர்களிற் பெரும்பாலோர் குணமடைந்தனர். தொற்றைத் தடுக்கும் வலிமை சில மாதங்களிலே குறைந்தது. கடும் நோயையும் மரணத்தையும் தடுக்கும் வலிமை அதிலும் நீடித்து நின்றது. உள்ளதை உள்ளபடி சொன்னால் சனங்கள் கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைக்கப் போய்த்தான் பல நாடுகளிலே நம்பிக்கை கெட்டது.

கடைசியாக நம் தீவுக்கே உரிய ஒரு செய்தி. 2016 செத்தெம்பர் மாதத்திலே இலங்கை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு திசெம்பர் மாதத்திலே அனோபிலிசு ஸ்டீபன்சி என்னும் மலேரியா நுளம்பு, இலங்கையிலே முதன்முறையாகக் காணப்பட்டது. எங்கே என்று கேட்கிறீர்களா? இந்த மன்னார்த் தீவிலே. இந்தியப் பட்டணங்களிலே மலேரியாவைப் பரப்பும் இனம் அது. காட்டு நீரை எதிர்பார்த்திராது, வீட்டுக் கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும். நுளம்பு இருக்கிறது, நோய்க் கிருமி இல்லை. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு ஒருவர் வந்து அந்த நுளம்பு கடித்தால் பழைய காலம் திரும்பக்கூடும். ஆதலால் சுகாதாரப் பகுதியார் கிணறு பார்க்க வரும்போது படலையைத் திறந்துவிடுங்கள்.

மலேரியாவுக்கு 2021இலும் 2023இலும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட இரண்டு தடுப்பூசிகளும் தூது வகையைச் சேர்ந்தனவல்ல. ஆபிரிக்கக் குழந்தைகளுக்கே அவை முக்கியமாகக் கொடுக்கப்படுகின்றன. தூது ஆர்.என்.ஏ. முறையிலே மலேரியாவுக்கு ஒரு மருந்தை செர்மனியின் பயோன்ரெக் நிறுவனம் 2022 திசெம்பரிலே முதன்முறையாக மனிதரிடத்துப் பரிசோதிக்கத் தொடங்கிற்று. அதிலிருந்து பாவனைக்கு வந்த மருந்து இன்னும் ஒன்றுமில்லை. மலேரியாக் கிருமி கொரோனா வைரசைப் போல ஒற்றை முள்ளோடு வருவதன்று. உடம்புக்குள்ளே பல வேடம் மாற்றுவது. எந்த வேடத்தைத் தூதோலையில் எழுதுவது என்பதே இன்னும் தீராத வழக்காக இருக்கிறது. எழுதியபின், அதை எந்தக் கொழுப்பில் கட்டி எத்தனை பாகையில் வைப்பது என்ற வழக்கு வேறு இருக்கிறது.

இவற்றிலே ஐயம் உள்ள வாலிபர்கள் கூட்டம் முடிந்ததும் பின்மண்டபத்துக்கு வரலாம். தேநீர் ஆறும்வரை நாம் அங்கே இருப்போம்.